வரவேற்புக் கமிட்டி அத்தான்

எங்க அத்தானுக்குக் குடும்பத்துல ஒரே ஒரு பதவிதான். எங்க அக்காவுக்குப் புருஷன்ங்கறது பதவி இல்ல, அது தண்டனைன்னு அவரே சொல்வாரு. பதவின்னா இதுதான்: வெளிநாட்டுலேர்ந்து, வெளியூர்லேர்ந்து சொந்தக்காரங்க யார் வந்து இறங்கினாலும் ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வர்றது. யாரும் எலெக்ஷன் வெச்சுக் கொடுக்கல, அவரா எடுத்துக்கிட்டாரு. குடும்பத்துல அவருக்குப் பேரே வரவேற்புக் கமிட்டி. தலைவர், செயலாளர், டிரைவர், பெட்டி தூக்குறவர் எல்லாம் அவர் ஒருத்தர்தான்.

குடிதண்ணீர் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. அங்க அவர் பேச்சை ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்டதில்லன்னு அக்கா சொல்வா. வீட்டுல மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்னு நான் கேப்பேன். மனுஷனுக்குப் பேசணும். நாள் பூரா பேசணும். கேக்கறதுக்கு ஆள் வேணும்ல? அப்பதான் அவருக்கு அந்தக் கார் கிடைச்சுது.

பழைய வெள்ளைக் கார். யாரோ வித்துட்டுப் போனது. அதுல பின்கதவு ரெண்டும் உள்ளேர்ந்து தொறக்காது. வெளியில அவர் இறங்கி வந்து தொறந்து விட்டாத்தான் உண்டு. ரிப்பேர்னு சொல்வாரு. இத்தனை வருஷமா அது ஏன் சரியாகலன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஏர்போர்ட்லேர்ந்து வீட்டுக்கு நேர் ரோடு இருக்கு. அத்தான் அதுல வரவே மாட்டாரு. சுத்து ரோடுதான். கேட்டா டிராஃபிக்னு சொல்வாரு. நெஜமான காரணம் என்னன்னா, நேர் ரோட்டுல வந்தா நியூஸ் முடியாது.

ஆமா, நியூஸ். குடும்பத்துல யாருக்கு என்ன ஆச்சு, யார் வீடு வாங்கினாங்க, யார் வாங்கறேன்னு சொல்லி ஏமாந்தாங்க, யாருக்கு யாரோட பேச்சுவார்த்தை இல்ல, எல்லாம் வரிசையா வரும். விமானத்துல தூங்காம வந்தவங்க, கதவு வேற தொறக்காது, எங்க போவாங்க? கேட்டுத்தான் ஆகணும். வாசல்ல வந்து இறங்கும்போது அவங்க மனசுல ஒவ்வொருத்தரைப் பத்தியும் ஒரு தீர்ப்பு எழுதி வெச்சிருப்பாரு. நாம சிரிச்சுக்கிட்டே 'வாங்க வாங்க'ன்னு ஓடுவோம். அவங்க நம்மள மேலயும் கீழயும் பாப்பாங்க. போன தடவை என் சின்ன மாமனார் வந்து இறங்கினதும் என்கிட்ட முதல் கேள்வியே, 'ஆபீஸ்ல மேனேஜரைத் திட்டிட்டியாமே?'ங்கறதுதான். குடிக்கத் தண்ணிகூடக் கேக்கல.

இன்னொண்ணு. நியூஸ் கொடுக்கறது மட்டும் இல்ல, வாங்கறதும் உண்டு. இவர் கதையைக் கேட்டு மயங்கி, வர்றவங்களும் தங்களோடத ஒண்ணு ரெண்டு அவுத்து விடுவாங்க. அது அடுத்து வந்து இறங்குறவங்களுக்கு நியூஸ்.

அப்படித்தான் அவர் பெத்த பொண்ணே மாட்டினா. பேர் எதுவா இருந்தா என்ன, எங்களுக்கு அவ பாப்பாதான். கல்யாணமாகி வெளிநாட்டுல இருக்கா, ஆபீஸ்ல பெரிய வேலை, இன்னும் பாப்பா. போன தடவை வந்தப்போ அந்தக் கார்ல ஒரு பேச்சுக்கு, 'அவருக்கு வேலை இப்ப கொஞ்சம் சரியில்லப்பா'ன்னு சொல்லியிருக்கா. அவ்வளவுதான். அடுத்தடுத்து ஏர்போர்ட்ல இறங்கின அத்தனை பேருக்கும் இது தலைப்புச் செய்தி ஆயிடுச்சு. அத்தான் கெட்ட எண்ணத்துல சொல்லல, மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல இடம் யாராவது பாத்துக் கொடுப்பாங்கன்னுதான். பாத்தும் கொடுத்தாங்க! ஒருத்தர் தன் மரக்கடையில கணக்கு எழுத வரச் சொன்னாரு. ஒருத்தி தன் தம்பிக்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்னு நேரா மாப்பிள்ளைக்கே போன் போட்டா. அந்தப் பையன் கூனிக் குறுகிப் போயிட்டான். 'உங்க வீட்டுல என்னைப் பிச்சைக்காரன் ஆக்கிட்டே'ன்னு அவகிட்ட ஆரம்பிச்சது, அப்புறம் அணையவே இல்ல.

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. பாப்பா போன்ல சொன்னப்பதான் தெரிஞ்சுது. அவ என்னைக் கூப்பிட்டதுக்குக் காரணம் நான் சித்திங்கறதால மட்டும் இல்ல. நான் பாக்கற வேலையும் ஒரு காரணம்.

ஏர்போர்ட்ல இறங்குறவங்களைத் தனிக் கார் வெச்சு ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போற கம்பெனி எங்களோடது. நான் புக்கிங்ல உக்காந்திருக்கேன். காதுல மாட்டினது மாட்டினபடி, பிடரியில ஏசி அடிச்சது அடிச்சபடி, நாள் பூரா 'கவலைப்படாதீங்க சார், எங்க ஆள் வாசல்லயே நிப்பாரு'ன்னு சொல்றதுதான் என் பொழப்பு. எங்ககிட்ட விதவிதமான வசதி உண்டு. பேச்சில்லாப் பயணம்னு ஒண்ணு. அதைக் கேட்டு வாங்கினா, டிரைவர் 'வணக்கம்', 'பெல்ட் போட்டுக்குங்க' இந்த ரெண்டைத் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டான். ஒரு மனுஷன் சும்மா இருக்கறதுக்குத் தனியாக் காசு வாங்கற காலம் வந்துடுச்சு. எங்க அத்தானை நெனைச்சுப் பாத்தா அது நியாயமான விலைதான்னு தோணும்.

அப்புறம் பறவை போர்டு. வழக்கமா டிரைவர் கையில கஸ்டமர் பேர் எழுதின போர்டு இருக்கும். ஆனா சில பேருக்குத் தன் பேர் நாலு பேர் கண்ணுல படக் கூடாது. பெரிய மனுஷங்க இருப்பாங்க. கடன்காரனுக்குப் பயந்தவங்க இருப்பாங்க. ஆபீஸ் வேலையா வேற ஊருக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு இங்க வந்து இறங்குறவங்களும் இருப்பாங்க. அவங்களுக்குப் பேருக்குப் பதிலா ஒரு பறவைப் படம். மயில், கிளி, அன்னம்னு வெச்சிருக்கோம். உங்க போர்டு மயில்னு முன்கூட்டியே சொல்லிடுவோம், அவங்க பாட்டுக்கு மயிலைத் தேடி வந்து கார்ல ஏறிடுவாங்க.

பாப்பா கூப்பிட்டதும் நான் வழக்கம்போல, 'என்னடி, அப்பா வருவாரே கூட்டிட்டுப் போக'ன்னு சொன்னேன்.

"அதுக்குத்தான் சித்தி கூப்பிட்டேன். அப்பா வரக் கூடாது. எனக்கு ஒரு கார் போடுங்க. ஹோட்டலுக்கு."

"ஹோட்டலுக்கா? வீடு இருக்கறப்ப ஹோட்டலுக்கு எதுக்குடி?"

"நான் அவரை விட்டுட்டு வந்துட்டேன் சித்தி. ஒரே ஒரு ராத்திரி நான் நிம்மதியாத் தூங்கணும். அப்புறம் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட நானே சொல்லணும். என் வாயால. அதுக்கு முன்னாடி அந்தக் கார்ல ஏறினேன்னா, நான் பெட்டியைப் பிரிக்கறதுக்குள்ள ஊரே என்கிட்டத் துக்கம் விசாரிக்கும்."

தூக்கி வளத்த பொண்ணு. என்ன, ஏதுன்னு குடைஞ்சு கேக்கணும்னு நாக்கு துறுதுறுன்னுச்சு. கேக்கல. 'சரிடி, காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிடறேன்'னு சொன்னேன்.

பேச்சில்லாப் பயணம் போட்டேன். பறவை போர்டு போட்டேன். அன்னிக்கு மயிலு, கிளி எல்லாம் வெளியில போயிருந்துச்சு, மிச்சம் இருந்தது கொக்குதான். சரி, கொக்குன்னா என்ன கேவலமா? டிரைவரா நெட்டையைப் போட்டேன். பேருக்கேத்த உயரம், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்றவன். பாப்பா வர்ற நாள் காலையில அக்காவுக்கு ஒரு போனும் போட்டேன். இன்னிக்கு நம்ம ஆளுங்க யாராவது வர்றாங்களான்னு சும்மா விசாரிச்சேன். யாரும் இல்ல, உங்க அத்தான் முடி வெட்டிக்கப் போயிருக்காருன்னு சொன்னா. நிம்மதியா டீ குடிச்சேன்.

ஆனா ஒண்ணைக் கோட்டை விட்டுட்டேன். நம்ம ஆளுங்க இல்லாத நாள்ல அத்தான் அடுத்தவங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வருவாரு. முடி வெட்டற கடையில அவங்க ஃபிளாட் செக்ரட்டரியைப் பாத்திருக்காரு. அந்தாளோட மருமகன் மத்தியானம் வந்து இறங்கறானாம். 'நீங்க ஏன் சார் அலையறீங்க, நான் இருக்கேன்ல'ன்னு அப்படியே காரைத் திருப்பிட்டாரு. வீட்டுக்குக்கூடத் தகவல் இல்ல.

ஏர்போர்ட்ல ஆளுங்க வெளியில வர்ற இடத்துல ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். அதை ஒட்டி எல்லா கம்பெனி டிரைவருங்களும் போர்டைத் தூக்கிட்டு நிப்பாங்க. அத்தானுக்கு அங்க பெரிய மரியாதை. 'சார் வந்துட்டாரு, சார் வந்துட்டாரு'ன்னு இடம் விடுவாங்க. அவங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு: ஒருத்தன் காரை நகத்தப் போகணும், இல்ல பாத்ரூம் போகணும்னா, போர்டைப் பக்கத்துல இருக்கறவன் கையில கொடுத்துட்டுப் போவான். யார் போர்டை யார் வேணா புடிக்கலாம். அத்தான்தான் எப்பவும் வெறுங்கையோட நிக்கறவராச்சே, அதனால எல்லா போர்டும் அவர் கைக்குத்தான் வரும். கையில ரெண்டு, கக்கத்துல ஒண்ணுன்னு நிப்பாரு. பறவை போர்டு வந்தா மட்டும் அவருக்கு ஒரே குஷி. 'யார்றா இன்னிக்கு ஒளிஞ்சுக்கிட்டு வர்றது?'ன்னு கேட்டுச் சிரிப்பாரு.

அன்னிக்கு செக்யூரிட்டிக்காரன் விசிலடிச்சு, நெட்டையோட காரை எடுக்கச் சொல்லியிருக்கான். நெட்டைக்கு இவர் யாருன்னு தெரியாது, இவருக்கு வர்றது யாருன்னு தெரியாது. 'சார், ஒரு நிமிஷம் புடிங்க'ன்னு கொக்கைக் கையில கொடுத்துட்டு ஓடிட்டான்.

பாப்பா வெளியில வந்து கொக்கைத் தேடியிருக்கா. கொக்கு கிடைச்சுது. அதுக்குக் கீழ பெத்த அப்பன் நிக்கறாரு, புதுசா முடி வெட்டிக்கிட்டு.

இதுக்கப்புறம் நடந்தது நெட்டை சொன்னது. கஸ்டமர் விஷயத்தை வெளியில பேசக் கூடாதுன்னு எங்க கம்பெனியில ரூல். நான் கம்பெனிக்கு உள்ள இருக்கறவதானேன்னு சொல்லி அவன்கிட்டேர்ந்து கறந்துட்டேன்.

அத்தான் முதல்ல கத்தினாராம். 'பாப்பா! அட பாப்பா! சொல்லாம கொள்ளாம வந்திருக்கா பாரு!'ன்னு அந்த வரிசையில இருந்த அத்தனை டிரைவருக்கும் காட்டினாராம். 'எம் பொண்ணுடா! அப்பாவுக்கு ஆச்சரியம் கொடுக்கணும்னு வந்திருக்கா!' பாப்பா பெட்டியைப் புடிச்சபடி அப்படியே நின்னிருக்கா. சிரிக்கவும் இல்ல, கிட்டப் போகவும் இல்ல. அதுக்குள்ள நெட்டை ஓடி வந்து, 'வணக்கம் மேடம், கார் அந்தப் பக்கம் இருக்கு'ன்னு பெட்டியை வாங்கியிருக்கான்.

"டேய், அது என் பொண்ணுடா. என் கார்ல வருவா."

"இல்ல சார். மேடம் நம்ம கெஸ்ட்டு."

அத்தான் சிரிச்சுக்கிட்டே ஏதோ சொல்ல வந்தாராம். அப்பத்தான் தன் கையைப் பாத்திருக்காரு. கொக்கு. பறவை போர்டுக்கு என்ன அர்த்தம்னு அவரை விட நல்லாத் தெரிஞ்சவங்க அந்த ஏர்போர்ட்ல யார் இருக்கா? பொண்ணு ஒளிஞ்சுக்கிட்டு வந்திருக்கா. யார்கிட்டேர்ந்து ஒளியறான்னும் புரிஞ்சு போச்சு. சுத்தி நின்ன டிரைவருங்க எல்லாரும் அவங்கவங்க போர்டைப் பாத்துக்கிட்டாங்களாம். 'சார் முகத்தைப் பாக்க முடியல மேடம்'னு நெட்டை என்கிட்ட சொன்னான்.

"பாப்பா, நான் முன்சீட்டுல உக்காந்துக்கட்டுமா?"ன்னு மட்டும் கேட்டிருக்காரு.

அவ சரின்னு தலையை ஆட்டியிருக்கா.

செக்ரட்டரியோட மருமகன் அங்கேயே அம்போன்னு நின்னது தனிக்கதை. அந்தாளு இன்னிக்கு வரைக்கும் லிஃப்ட்ல அத்தானைப் பாத்தா மொகத்தைத் திருப்பிக்கறாரு.

கார் கிளம்பினதும் எங்க கம்பெனி வழக்கப்படி புல்லாங்குழல் ஓடியிருக்கு. அத்தானால தாங்க முடியல. பழக்க தோஷம். பாலம் ஏறினதும், "பாப்பா, உங்க பெரிய அத்தை இருக்காங்களே..."ன்னு ஆரம்பிச்சிருக்காரு.

நெட்டை ரூலுக்குக் கட்டுப்பட்டவன். எதிர்ல ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, "சார், இது பேச்சில்லாப் பயணம் சார். முன்சீட்டுல இருக்கறவங்க பேசக் கூடாது"ன்னு சொல்லியிருக்கான்.

யார் சொல்லியும் நிக்காத வாய் அந்த ஸ்டிக்கருக்கு நின்னுடுச்சு. அரசாங்க ஆபீஸ்ல வேலை பாத்தவர் இல்லையா, எழுதி ஒட்டினதுக்கு ஒரு பயம். பின்னாடியிலேர்ந்து பாப்பா, "அப்பா, நான் அவரை விட்டுட்டு வந்துட்டேன்"னு சொல்லியிருக்கா. இவர் திரும்பிப் பாத்தாரு. வாயைத் தொறந்தாரு. ஸ்டிக்கரைப் பாத்தாரு. மூடிக்கிட்டாரு. பாப்பா அதுக்கப்புறம் நிறுத்தல. மரக்கடை, அத்தைங்களோட போன், மாப்பிள்ளை அவமானப்பட்டது, சண்டை, எல்லாத்தையும் ஹோட்டல் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்திருக்கா. 'இதெல்லாம் உங்க கார்ல ஆரம்பிச்சதுப்பா'ன்னும் சொல்லிட்டா. அவளுக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அவ பேசி அவங்க அப்பா கேட்டது அதுதான் முதல் தடவை. அதுக்கும் நாங்கதான் காசு வாங்கியிருக்கோம்.

ஹோட்டல்ல இறங்கினதும் பெட்டியை அத்தானே தூக்கிட்டுப் போயிருக்காரு. அங்க இருந்த பெட்டி தூக்குற பையன் வாங்க வந்தும் கொடுக்கலையாம். லிஃப்ட் கிட்ட நின்னு பாப்பாகிட்ட, "அம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்"னு சொல்லியிருக்காரு.

"நீங்களா? சொல்லாமயா?" பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சாம், அழுதுக்கிட்டே சிரிச்சாளாம்.

சாயங்காலம் எனக்குப் போன் வந்துச்சு. "ஏம்மா, எம் பொண்ணுக்குக் கொக்குதான் கிடைச்சுதா உனக்கு?"ன்னு கேட்டாரு. திட்டுவாருன்னு நெனைச்சுத் தயாரா இருந்தேன். திட்டல. அவர் கார் ஏர்போர்ட்லயே நிக்குது, எப்படிப் போறதுன்னு கேட்டாரு. எங்க கம்பெனி காரையே அனுப்பி வெச்சேன்.

மறுநாள் பாப்பா வீட்டுக்கு வந்து அக்காகிட்ட சொல்லிட்டா. அவ வாயால. அக்கா அழுதா, அப்புறம் சாப்பாடு போட்டா, அப்புறம் மறுபடி அழுதா. அத்தான் முதல் நாள் ராத்திரி முழுக்க அக்கா பக்கத்துல படுத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்காரு. அக்காவால அதை நம்பவே முடியல. பொண்ணு விட்டுட்டு வந்ததைக்கூட நம்பிட்டா.

சரி, வீட்டுக்குள்ள ஆச்சு. வெளியில? கல்யாணமான பொண்ணு, பெரிய பெரிய பெட்டியோட, புருஷன் இல்லாம வந்து உக்காந்திருக்கா. நம்ம சனங்களுக்கு இது போதாதா? அதுக்குன்னே வந்த மாதிரி, அத்தானோட அக்கா அடுத்த வாரம் வர்றதாச் சொன்னாங்க. எங்க அக்காவுக்குப் பெரிய நாத்தனார். குடும்பத்துக்கே நீதிபதி. அவங்க ஒரு போன் போட்டா ஒன்பது வீட்டுல மணி அடிக்கும். பாப்பா பயந்து போய், 'இன்னும் கொஞ்ச நாள் எனக்கு டைம் வேணும்பா, எனக்கே இன்னும் ஒண்ணும் தெளிவா இல்ல'ன்னு சொன்னா.

"வேற யாரையாவது அனுப்பி அவங்களைக் கூட்டிட்டு வரலாமா?"ன்னு அக்கா கேட்டா.

"நான் போகலன்னா அதுவே நியூஸ்"னு சொல்லிட்டு, அத்தான் கார் சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினாரு. நானும் அன்னிக்கு லீவு போட்டுட்டு அக்கா வீட்டுலதான் இருந்தேன். இந்த மனுஷன், அந்தக் கார், அந்தச் சுத்து ரோடு, பின்சீட்டுல அந்தம்மா! எத்தனை வருஷத்துப் பழக்கம், தாங்குமா? பாப்பா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

கார் வந்து நின்னுது. அத்தான் இறங்கிப் பின்கதவைத் தொறந்து விட்டாரு. பெரிய நாத்தனார் இறங்கினாங்க. முகம் கறுத்துக் கிடந்துச்சு. தம்பியைத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா எங்க அக்காகிட்ட வந்து ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க.

"உனக்கு அவன் என்னடி குறை வெச்சான்? இந்த வயசுல பிரிஞ்சு போறேன்னு சொல்றியாமே!"ன்னு சொல்லி ஓன்னு அழுதாங்க.

அக்காவுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. யார் பிரியறாங்க? எதுலேர்ந்து? அந்தம்மா மூக்கைச் சிந்திக்கிட்டே எல்லாத்தையும் சொன்னப்பதான் விளங்குச்சு. அத்தானுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நாளா ஒத்துப் போகலையாம். பேச்சு வார்த்தையே கிடையாதாம். அக்கா தனியாப் போறேன்னு நிக்கறாளாம். அப்பா அம்மாவைச் சேத்து வைக்கத்தான் பாவம் பாப்பா வேலை, புருஷன் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்திருக்காளாம். யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு அத்தான் சுத்து ரோட்டுல சத்தியம் வேற வாங்கியிருக்காரு. சத்தியம் வாங்கினா அந்தம்மா எவ்வளவு சீக்கிரம் சொல்வாங்கன்னு அவருக்குத் தெரியாதா?

அக்கா அவரைச் சமையல்கட்டுக்குள்ள தள்ளிட்டுப் போய்ப் புடிபுடின்னு புடிச்சா. நானும் கூடவே போனேன், விடுவேனா?

"ஏங்க, சொல்லிட்டுத் திரிய என் மானம்தான் கிடைச்சுதா உங்களுக்கு?"

"வேற என்ன இருக்கு நம்மகிட்ட?" அத்தான் மெதுவாத்தான் சொன்னாரு. "பெருசா ஒண்ணைப் போட்டாத்தான் சின்னது அமுங்கும். எனக்குத் தெரிஞ்ச தொழில் அது ஒண்ணுதான். அவளை யாரும் இப்ப எதுவும் கேக்க மாட்டாங்க. அவ எத்தனை நாள் இங்க இருந்தாலும் நமக்காகத்தான் இருக்கான்னு நெனைச்சுப்பாங்க. நம்மளைப் பேசினாப் பேசிட்டுப் போறாங்க. நமக்கு என்ன, வரன் பாக்கணுமா?"

அக்கா அடுப்பை அணைச்சா. அப்புறம், "அப்ப நான் உங்களோட பேசக் கூடாதா?"ன்னு கேட்டா.

"வெளியாளுங்க முன்னாடி பேசாத."

"அது ஒண்ணும் கஷ்டம் இல்ல"ன்னு சொல்லிட்டு வெளியில போயிட்டா.

அன்னிக்கு ராத்திரி படுக்கறதுக்குள்ள குடும்பம் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. அப்பப்பா, அடுத்த கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டுல நடந்த கூத்து இருக்கே! சமாதானம் பேச வந்தவங்க கூட்டம் தாங்கல. ரெண்டு மாமாக்கள் சோபாவுல உக்காந்து அத்தானுக்குக் குடும்ப வாழ்க்கையைப் பத்திப் பாடம் எடுத்தாங்க. அதுல ஒருத்தர் தன் பொண்டாட்டிகிட்ட பேசி வருஷக்கணக்காச்சு. அத்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'திருந்திடறேன் மாமா'ன்னு சொன்னாரு. விருந்தாளிங்க தங்கின நாள்லாம் ஹால்ல பாயை விரிச்சுப் படுத்தாரு, கொசுக்கடியில. அக்கா முதல்ல நடிச்சா. போகப் போக அவளுக்கு இது புடிச்சுப் போச்சு. 'என்னம்மா அவர் மேல குறை?'ன்னு யாராவது கேட்டா, இத்தனை வருஷமா உள்ள அடைச்சு வெச்சிருந்ததெல்லாம் தேதி வாரியா வந்து விழுந்துச்சு. அதுல ஒண்ணுகூட நடிப்பு இல்ல. அத்தான் உண்மையாவே ஆடிப் போயிட்டாரு.

அந்த அமளியில பாப்பாவை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. 'நல்ல பொண்ணும்மா நீ'ன்னு தலையைத் தடவிட்டுப் போனாங்க. அவ ரூம்ல உக்காந்து தன் வேலையைப் பாத்தா, வக்கீலோட பேசினா, அழ வேண்டியப்ப அழுதா. கொஞ்சம் கொஞ்சமா முகத்துல ரத்தம் வந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் அவளும் அவங்க அப்பாவும் ஜன்னல் கிட்ட உக்காந்திருந்தாங்க. அவ ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தா. அவர் குறுக்கப் பேசல. நான் காபி கொடுக்கப் போனவ, கொடுக்காம திரும்பிட்டேன்.

ஆனா அத்தானோட பதவி போயிடுச்சு. பொண்டாட்டியைக் கண்கலங்க வெச்சிட்டு ஏர்போர்ட்டைச் சுத்தினவன்னு பேர் ஆயிடுச்சு. அவன் கார்ல ஏறினா நாமளும் அவன் கட்சின்னு ஆயிடும்னு எல்லாருக்கும் பயம். ஒருத்தர் ரெண்டு பேர்னு ஆரம்பிச்சு, இப்ப வர்றவங்க எல்லாரும் எனக்குத்தான் போன் பண்றாங்க. கார் கேக்கறாங்க. எங்க மேனேஜருக்கு ஒரே சந்தோஷம், இந்த மாசம் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினாரு. வெள்ளைக் காருக்கு உறை போட்டு மூடி வெச்சிருக்கு. சும்மாவாவது ஏர்போர்ட்டுக்குப் போயிட்டு வாங்களேன் அத்தான், டிரைவருங்க தேடுவாங்கன்னு நானும் ஒரு நாள் சொல்லிப் பாத்தேன். 'யாரைக் கூட்டிட்டு வர?'ன்னு கேட்டாரு.

நேத்து பெரிய நாத்தனார் கூப்பிட்டாங்க. அவங்க பையன் வரப் போறானாம், ஒரு கார் வேணுமாம்.

"நல்ல டிரைவராப் போடும்மா. அவனை அனுப்பிடாத. எம் பையன் அவன் கார்ல ஏற வேண்டாம்" அப்படின்னாங்க. தம்பி பேரைக்கூடச் சொல்லல.

"சரிங்க அண்ணி."

"பாவம், அந்தப் பாப்பா. தங்கமான புருஷனை விட்டுட்டு வந்து இவங்களுக்கு நடுவுல கிடந்து தவிக்குது. பொண்ணுக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள் இவன் வாயைக் கட்டியிருந்தா அந்தக் குடும்பம் இப்படி ஆகியிருக்குமா? இந்த மாதிரி ஒரு அப்பன் எந்தப் பொண்ணுக்கும் வாய்க்கக் கூடாதும்மா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. எனக்கு வாய் அடங்காதுன்னு மேனேஜர்லேர்ந்து மாமனார் வரைக்கும் எல்லாரும் சொல்வாங்க, அது உண்மைதான். ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்தம்மாவை அப்படியே உக்கார வெச்சிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கண்ணுல தண்ணி முட்டுச்சு, அதோட சேத்து அந்த வாக்கியத்தையும் முழுங்கினேன்.

"ஆமா அண்ணி, வாய்க்கக் கூடாது. பையன் எந்த ஃப்ளைட்ல வர்றான்?"னு கேட்டேன்.